ஓடிப் பார்த்தால்தான் உதாரணம்

கணினிக் கணிதம்: வாசகர் கேள்வி பதில்

சேஜ்மேத், சிம்பை போன்ற திறமூலக் கணித மென்பொருள்களின் கையேடுகளை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவற்றைப் பயன்படுத்தும் மாணவர்களும் ஆசிரியர்களும்தான். அந்த வேலையில் இறங்குவது, அதை ஒழுங்குபடுத்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: முதுகலைக் கணிதம் படிக்கிறேன். சேஜ்மேத் கையேட்டில் என் பாடப்பகுதிக்கு உதாரணங்கள் போதவில்லை. நானே எழுதித் தரலாம் என்று பார்த்தால் கையேட்டின் கோப்பு எங்கே இருக்கிறது என்றே பிடிபடவில்லை. நிரலாக்கம் அதிகம் தெரியாதவர் இதில் இறங்கலாமா?
— மாணவி, திருச்சி

பதில்: தாராளமாக இறங்கலாம். உசாத்துணைக் கையேடு தனிக் கோப்பாக இல்லை, அதனால்தான் உங்களுக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு செயற்கூறுக்கும் (ஃபங்ஷன்) உரிய விளக்கம் அந்தச் செயற்கூறின் நிரலுக்குள்ளேயே, தலைப்பு வரிக்கு அடுத்தபடியாக, மூன்று மேற்கோள் குறிகளுக்கு நடுவில் எழுதப்பட்டிருக்கும். டாக்ஸ்ட்ரிங் என்பது இதைத்தான். ஸ்ஃபிங்க்ஸ் என்ற கருவி இவற்றையெல்லாம் திரட்டி வலைப்பக்கமாகவும் பிடிஎஃப் ஆகவும் ஆக்குகிறது. ஸ்ஃபிங்க்ஸ் 2008இல் பைத்தான் மொழியின் கையேட்டுக்காக வெளிவந்தது. இன்று சேஜ், சிம்பை, எண்கணக்கீட்டு நூலகமான நம்பை மூன்றும் அதையே நம்பியிருக்கின்றன.

சேஜில் ஒரு செயற்கூறின் பெயரைத் தட்டி ஒரு கேள்விக்குறி போட்டு என்டர் கொடுங்கள், விளக்கம் வரும். இரண்டு கேள்விக்குறி போட்டால் மூல நிரலும் கோப்பின் இடமும் சேர்ந்து வரும். நீங்கள் திருத்த வேண்டிய இடம் அதுதான்.

உள்ளே எழுதும் வரிசையும் வழக்கமாகிவிட்ட ஒன்று. முதலில் ஒற்றை வாக்கியத்தில் அது என்ன செய்கிறது என்பது. பிறகு ‘இன்புட்’ என்ற தலைப்பில் என்னென்ன கொடுக்க வேண்டும், ‘அவுட்புட்’ என்ற தலைப்பில் என்ன திரும்பி வரும். அதன்பின் ‘எக்ஸாம்பிள்ஸ்’. கடைசியாக ‘டெஸ்ட்ஸ்’: வாசகருக்குத் தேவையில்லாத, பிழை திரும்பி வராமல் காவல் காக்கிற உதாரணங்கள். கேள்விக்குறி போட்டு உதவி கேட்கும்போது இந்தக் கடைசிப் பகுதியைச் சேஜ் காட்டாது. வெற்று அணி, பூச்சியம், ஒற்றை உறுப்பு மாதிரியான ஓரத்து நிலைகளை அங்கே வையுங்கள். அவற்றை முன்னால் வைத்தால் முதல் முறை படிப்பவர் மிரண்டு போவார்.

முதல் பங்களிப்பாக ஒரே ஒரு செயற்கூறுக்கு இரண்டு உதாரணம் சேருங்கள். ஒன்று பாடப்புத்தகத்தில் எல்லோரும் போடுகிற எளிய கணக்கு. இன்னொன்று விடை கொஞ்சம் எதிர்பாராததாக வருகிற கணக்கு. அதற்கு நிரலாக்கம் வேண்டாம், கணிதம் தெரிந்தால் போதும்.

கேள்வி: என் கணினியில் சரியான விடை வந்தது. அதை அப்படியே ஒட்டி அனுப்பினேன். தானியங்கிச் சோதனையில் நான்கு இடத்தில் சிவப்பு விழுந்திருக்கிறது. விளக்கத்துக்குப் போய் எதற்குச் சோதனை?
— பொறியியல் மாணவர், சேலம்

பதில்: கணித மென்பொருள் கையேட்டின் உயிரே அந்தச் சோதனைதான். டாக்ஸ்ட்ரிங்கில் நீங்கள் எழுதிய கட்டளையைக் கணினி திரும்ப ஓட்டும். கீழே நீங்கள் எழுதி வைத்த விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ஓர் எழுத்து மாறினாலும் தோல்விதான். பைத்தானில் டாக்டெஸ்ட் என்ற பெயரில் இது 2001 முதல் உண்டு. சேஜ் இதைத் தனக்கேற்ப விரித்துக்கொண்டு, புதிதாகச் சேரும் ஒவ்வொரு செயற்கூறுக்கும் சோதிக்கத்தக்க உதாரணம் இருந்தே ஆக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. ஓட்டிப் பார்க்காத உதாரணம் அடுத்த பதிப்பிலோ அதற்கடுத்ததிலோ பொய்யாகிவிடும். 2020 ஜனவரியில் வந்த சேஜ் 9.0 பைத்தான் 3க்கு மாறியபோது, பிரின்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி போடாமல் எழுதிய பழைய குறிப்புகளெல்லாம் ஒரே நாளில் பழுதாயின. சோதனைக்குள் இருந்தவை உடனே அகப்பட்டன. தனிப்பட்ட வலைப்பக்கங்களில் இருந்தவை இன்றும் மாணவர்களைக் குழப்பிக்கொண்டிருக்கின்றன.

உங்கள் நான்கு சிவப்புகளை நாங்கள் பார்க்கவில்லை. ஆனால் புதியவர்களுக்கு விழுவது பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான்.

முதலாவது, தசம எண்ணின் வால். பைத்தானில் 0.1 + 0.2 போட்டால் 0.30000000000000004 என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். இதைவிட நீண்ட கணக்கில் கடைசி ஓரிரு இலக்கங்கள் செயலிக்குச் செயலி, நூலகத்துக்கு நூலகம் மாறும். சேஜில் அந்த வரியின் முடிவில் # குறியிட்டு எவ்வளவு விலகல் வரை பொறுக்கலாம் என்று எழுத வழி உண்டு. ‘அப்ஸ் டால்’ என்றால் நேர் வித்தியாசம், ‘ரெல் டால்’ என்றால் விகித வித்தியாசம். விடை பூச்சியத்துக்கு அருகில் இருந்தால் அப்ஸ் டால்தான் சரி. ரெல் டால் அங்கே வேலைக்கு ஆகாது, பூச்சியத்தில் எத்தனை விழுக்காடு என்று கேட்பதில் பொருளில்லை.

இரண்டாவது, வரிசை. எழுத்துச் சரங்கள் கொண்ட கணத்தைப் பைத்தான் 3 ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் வேறு வரிசையில் அச்சிடக்கூடும். வரிசைப்படுத்தி அச்சிடுங்கள், சிக்கல் போய்விடும்.

மூன்றாவதுதான் அதிகம். கட்டளைகளைத் தட்டி ஓட்டும் நோட்புக் பக்கத்தில் காலையிலிருந்து வேலை செய்து, நடுவிலிருந்து நாலு வரியை வெட்டி ஒட்டியிருப்பீர்கள். மேலே எப்போதோ வரையறுத்த மாறி அந்த நாலு வரியில் இராது. சேஜ் தொடங்கும்போதே ‘எக்ஸ்’ மட்டும் குறியீட்டு மாறியாகத் தயாராக இருக்கும். ‘ஒய்’ அப்படி இல்லை, நீங்கள் அறிவிக்க வேண்டும். சிம்பையில் எக்ஸ்கூடத் தானாக வராது. ஒவ்வொரு டாக்ஸ்ட்ரிங்கிலும் இம்போர்ட் வரி எழுதியாக வேண்டும். ஒரு டாக்ஸ்ட்ரிங்கில் அறிவித்தது அடுத்ததற்குச் செல்லாது என்பதை நினைவில் வையுங்கள்.

நான்காவது, விடைக்கு நடுவே வெற்று வரி. வெற்று வரி வந்தால் விடை முடிந்தது என்று சோதனை எண்ணிக்கொள்ளும். அந்த இடத்தில் கோண அடைப்புக்குள் ‘பிளாங்க்லைன்’ என்று எழுத வேண்டும்.

சிவப்பைப் பச்சையாக்கக் குறுக்குவழி ஒன்று உண்டு. அதைப் பற்றி எச்சரிக்கிறோம். வரி முடிவில் ‘ராண்டம்’ என்று குறித்தால் கட்டளை ஓடும், விடையை ஒப்பிடமாட்டார்கள். ‘நாட் டெஸ்டட்’ என்று குறித்தால் ஓடவே ஓடாது. எதேச்சை எண்களைக் கையாளும்போது ராண்டம் நியாயம்தான். அங்கேயும் அச்சாகும் எண்ணை விட்டுவிட்டு மாறாத பண்பைச் சோதிப்பது மேல்: எதேச்சையாக ஒரு நேர்மாறுள்ள அணியை எடுத்து, அதை அதன் நேர்மாறோடு பெருக்கினால் அலகு அணி வருகிறதா என்று கேட்கலாம். ஒரு நொடிக்கு மேல் பிடிக்கும் உதாரணத்துக்கு ‘லாங் டைம்’ என்று குறியிடுங்கள். அரை நிமிடத்தைத் தாண்டினால் அது உதாரணமே இல்லை, சிறிய எண்ணைப் போடுங்கள்.

அனுப்புவதற்கு முன் உங்கள் கணினியிலேயே ‘சேஜ் -டி’ என்று தட்டி, கோப்பின் பெயரைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். சிம்பையில் பின் என்ற கோப்புறையில் உள்ள டாக்டெஸ்ட் நிரல் இதே வேலையைச் செய்கிறது.

கேள்வி: நான் ‘தீட்டா’ என்று, கணிதக் குறிகளை எழுதும் லேட்டெக்கில் எழுதினால் பக்கத்தில் ‘ஹீட்டா’ என்று ஏதோ வருகிறது. பின்னக் கோட்டுக்கான கட்டளையும் சிதைகிறது. ஆனால் ‘ஆல்ஃபா’ ஒழுங்காக வருகிறது. என்ன மாயம்?
— ஆய்வு மாணவி, சென்னை

பதில்: பைத்தானில் பின்சாய்வுக்கோடும் ஆங்கில ‘டி’யும் சேர்ந்தால் அது டேப் என்ற ஒற்றைக் குறி. தீட்டாவின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் முதல் எழுத்து டி. பைத்தான் அதையும் கோட்டையும் விழுங்கி ஒரு டேப் போட்டுவிடும், மீதி எழுத்துகள் மட்டும் மிஞ்சும். பின்னக் கட்டளை ‘எஃப்’ எழுத்தில் தொடங்குகிறது. கோட்டோடு சேர்ந்தால் அது பழைய அச்சுப்பொறிகளில் புதுத் தாளைத் தள்ளும் குறி. ‘நியூ’ புதுவரி ஆகிவிடும். ‘பீட்டா’வின் பி போய்விட்டால் மிஞ்சுவது ‘ஈட்டா’வின் எழுத்துக்கூட்டல், அது வேறொரு கிரேக்க எழுத்தின் பெயர்! ஆல்ஃபா தப்பித்ததற்கு அதன் எழுத்து காரணமில்லை. கோட்டோடு ‘ஏ’ சேர்ந்தால் மணியடிக்கும் குறி. ஆகவே அதுவும் கெட்டுத்தான் போயிருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் அது வேறு டாக்ஸ்ட்ரிங்கில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த டாக்ஸ்ட்ரிங்கின் தொடக்க மேற்கோள் குறிகளுக்கு முன்னால் ‘ஆர்’ என்ற சிற்றெழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். மருந்து அந்த ஒற்றை எழுத்துதான்: பின்சாய்வுக்கோட்டைத் தொடாதே என்று பைத்தானுக்கு அது சொல்கிறது. கணிதம் எழுதுகிற டாக்ஸ்ட்ரிங் ஒவ்வொன்றையும் அந்த எழுத்தோடேயே தொடங்கிவிடுங்கள்.

இதே வகையில் இன்னொன்று. மார்க்டவுன் என்ற எளிய குறிமுறை பழகியவர்கள் செயற்கூறின் பெயரைச் சுற்றி ஒற்றைச் சாய்மேற்கோள் (பேக்டிக்) போடுவார்கள். சேஜில் ஒற்றை என்றால் கணிதச் சூத்திரம். பெயரின் எழுத்துகள் சாய்ந்து, ஒன்றையொன்று பெருக்குவதுபோல நிற்கும். நிரலுக்கு இரட்டை போட வேண்டும். உதாரணத் தொகுதிக்கு முன் இரட்டை முக்காற்புள்ளி, ஒரு வெற்று வரி, நான்கு இடைவெளி உள்தள்ளல் மூன்றும் வேண்டும். வெற்று வரியை மறந்தால் உதாரணம் முழுவதும் பத்தியாக ஒட்டிக்கொண்டு வரும்.

கேள்வி: கையேட்டில் பிழை இல்லை என்கிறார்கள், ஆனால் விடை தவறாக வருகிறது. 1 மீட்டர் நீள ஊசலை 60 பாகை விலக்கி விட்டால் அலைவு நேரம் சுமார் 2.15 நொடி என்று பாடப்புத்தகம். சிம்பையில் நீள்வட்டத் தொகையைப் (எலிப்டிக் இன்டெக்ரல்) போட்டால் 2.37 வருகிறது. எதை நம்புவது?
— இயற்பியல் ஆசிரியர், மதுரை

பதில்: புத்தகத்தை நம்புங்கள். மென்பொருளும் தவறு செய்யவில்லை, கேள்விதான் மாறிப்போயிருக்கிறது. இந்தத் தொகைக்கு இரண்டு வழக்குகள் உண்டு. சில நூல்கள் ‘மட்டு’ என்ற அளவைக் கொடுக்கச் சொல்லும். வேறு சில அதன் வர்க்கத்தை. 60 பாகை வீச்சுக்கு மட்டு என்பது 30 பாகையின் சைன், அதாவது 0.5. சிம்பை எதிர்பார்ப்பது வர்க்கத்தை, அதாவது 0.25ஐ. 0.25 கொடுத்தால் தொகை 1.68575, அலைவு நேரம் 2.153 நொடி. நீங்கள் 0.5ஐ நேராகக் கொடுத்திருக்கிறீர்கள், 1.85407 வந்து, நேரம் 2.368 ஆகிவிட்டது. 10 விழுக்காடு பிழை! அதிலும் ஏமாற்றுவது என்னவென்றால், சிறு வீச்சுச் சூத்திரத்தின் 2.006 நொடியைவிட இரண்டு விடையும் அதிகம், ஆகவே பார்த்தவுடன் சந்தேகம் எழாது.

கையேடு எழுதுவோருக்கு இந்தக் கேள்வியை நாங்கள் அப்படியே காட்ட விரும்புகிறோம். சூத்திரத்தை எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். வாசகர் சூத்திரத்தைக் கண்ணால் தடவிவிட்டு உதாரணத்தைத்தான் படிக்கிறார். எந்த வழக்கு என்று ஒரு வரி, கூடவே வழக்கு மாறினால் விடை மாறுகிற ஓர் உதாரணம் இரண்டும் தேவை. இங்கே 0.25க்கான விடையைக் கொடுத்து, ‘மட்டு 0.5 எனில்’ என்று பக்கத்திலேயே எழுதியிருந்தால் உங்கள் கடிதம் வந்திருக்காது.

இப்படி வழக்குச் சொல்லியே தீரவேண்டிய இடங்கள் நிறைய. சேஜில் இரண்டு வரிசைமாற்றங்களைப் பெருக்கினால் இடப்பக்கத்தில் உள்ளதுதான் முதலில் செயல்படும். பல பாடநூல்களில் வலப்பக்கத்தில் உள்ளது. −7ஐ 3ஆல் வகுத்த மீதி பைத்தானில் 2, சி மொழியில் −1. 2^3 என்பது சேஜில் 8, வெறும் பைத்தானில் 1, ஏனென்றால் அங்கே அந்தக் குறி அடுக்கு இல்லை, இரும இலக்கங்களை ஒப்பிடும் ‘எக்ஸார்’ செயல். இந்தக் கடைசி ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டதால் எத்தனை பேர் அரைநாள் இழந்திருப்பார்கள்!

கேள்வி: எங்கள் துறையில் 20 மாணவர்களைச் சேர்த்து ஒரு நாள் ‘கையேடு எழுதும் முகாம்’ நடத்த இருக்கிறோம். எல்லோரும் எளிதாக எழுத ஒரு விக்கி திறந்துவிடலாம் என்பது யோசனை. சரியா?
— உதவிப் பேராசிரியர், கோவை

பதில்: யோசனையில் பாதி சரி. எழுதும் சன்னல் விக்கிபோல எளிதாக இருக்கலாம். எழுதியது போய்ச் சேரும் களஞ்சியம் மூல நிரலாகத்தான் இருக்க வேண்டும். விக்கியில் சோதனை ஓடாது, மென்பொருள் முன்னே போகப் பக்கங்கள் பின்தங்கும். 2008இல் நம்பை குழுவினர் கோடைக்காலம் முழுவதும் நடத்திய ஆவண மாரத்தான் இதற்கு நல்ல முன்மாதிரி. டாக்ஸ்ட்ரிங்குகளை உலாவியிலேயே திருத்தும்படி ஒரு வலைக்கருவி செய்தார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் எழுத வேண்டியது, எழுதப்படுவது, சரிபார்க்க வேண்டியது, சரிபார்த்தது என்பதுபோல நிலைக்குறி வைத்தார்கள். முடிந்ததை மூல நிரலில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஒருங்கிணைப்புக்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்தார்கள். 1000 சொல் அளவுக்கு எழுதியவர்களுக்கு ஒரு டி-ஷர்ட்.

டி-ஷர்ட் என்றதும், திறமூலப் பங்களிப்பை ஊக்குவிக்கும் அக்டோபர் மாத நிகழ்வான ஹாக்டோபர்ஃபெஸ்ட் 2020இல் பட்ட பாடு நினைவுக்கு வருகிறது. அங்கே புல் ரிக்வெஸ்ட் (உங்கள் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி திட்டத்துக்கு அனுப்பும் கோரிக்கை) எண்ணிக்கைக்குப் பரிசு. திட்டத்தின் அறிமுகமான ரீட்மீ கோப்பில் ‘அருமையான திட்டம்’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்பும் கூட்டம் பெருகி, அந்த அக்டோபர் முதல் வாரத்திலேயே, விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. முகாமில் சான்றிதழ் கொடுப்பதென்றால், அனுப்பியதற்குக் கொடுக்காமல் ஏற்கப்பட்டதற்குக் கொடுங்கள்.

உங்கள் ஒரு நாளுக்குச் சேஜ் வேண்டாம், சிம்பை எடுத்துக்கொள்ளுங்கள். சேஜை மூலத்திலிருந்து கட்டுவதற்குச் சாதாரண மடிக்கணினியில் பல மணி நேரம் ஆகும், ஆய்வகத்தில் ஒரே நேரத்தில் 20 பேர் இறக்கினால் மாலைதான் முடியும். சிம்பை முழுக்கப் பைத்தான். கூடவே எம்பிமேத் என்ற நூலகம் போதும், சில நிமிடத்தில் நிறுவலாம். நிறுவுவதை முந்தின நாளே முடித்து, ஒவ்வொருவரும் ஒரு கோப்பின் சோதனையை ஓட்டிப் பச்சை காட்டிவிட்டுப் போகட்டும்.

வேலையை முன்கூட்டியே பிரித்து வையுங்கள். இரண்டிரண்டு பேராக 10 இணை, இணைக்கு ஒரு கோப்பு. ஒரே கோப்பை இரண்டு இணை தொட்டால் மாலையில் ஒன்றோடொன்று மோதும் மாற்றங்களை (மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்) தீர்ப்பதே வேலையாகிவிடும். ஒருவர் கணிதம் சொல்ல, மற்றவர் தட்டச்சு செய்து ஓட்டிப் பார்க்க, பாதியில் மாறிக்கொள்ள வேண்டும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதப் பழக்குங்கள். பத்தியாக எழுதினால் ஒரு சொல்லை மாற்றும்போது எல்லா வரியும் நகர்ந்து, சரிபார்ப்பவருக்கு எது மாறியது என்று தெரியாது. ஒரு புல் ரிக்வெஸ்ட் 100 வரியைத் தாண்ட வேண்டாம்.

முட்டுக்கட்டை எழுதுவதில் இல்லை, சரிபார்ப்பதில். ஒரே நாளில் 10 வரைவு அந்தத் திட்டத்தின் வாசலில் போய் விழுந்தால் அங்கே பார்க்க ஆள் இருக்காது. ஆகவே முகாமுக்கு முன்பே அந்தத் திட்டத்தினரிடம் தேதியையும் நீங்கள் தொடப்போகும் கோப்புகளையும் சொல்லிவிடுங்கள். முகாமிலேயே ஐந்து பேருக்கு ஒருவர் வீதம் மூத்த மாணவரை வைத்து முதல் சுற்றுச் சரிபார்ப்பை முடியுங்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் புதிதாக எதையும் தொடங்க விடாதீர்கள். அந்நேரம் தொடங்கியது அரைகுறையாக யாருடைய மடிக்கணினியிலாவது தங்கிப்போகும்.

கேள்வி: ‘டூட்டோரியல்’ எழுதினேன். ‘இது டூட்டோரியல் இல்லை’ என்று திருப்பிவிட்டார்கள். வித்தியாசம் என்ன?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: கையேட்டை நான்காகப் பிரிப்பது இப்போது பரவலான வழக்கு, டயாடாக்ஸிஸ் என்று பெயர். புதியவரைக் கைப்பிடித்து நடத்துவது பயிற்சிப் பாடம். ஏற்கெனவே தெரிந்தவர் ஒரு காரியத்தை முடிக்கப் படிப்பது செய்முறைக் குறிப்பு. எல்லா விவரமும் அடங்கியது உசாத்துணை. ஏன் இப்படி என்று பேசுவது விளக்கக் கட்டுரை. பயிற்சிப் பாடத்தில் எல்லாத் தெரிவுகளையும் பட்டியலிட்டிருப்பீர்கள், அதனால் திரும்பியிருக்கும். பாடத்தில் ஒரே பாதைதான், கிளை கூடாது. வெட்டிய பகுதியைக் குப்பையில் போடாமல் டாக்ஸ்ட்ரிங்குக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: சேஜ் பயிற்சிப் பாடத்தைத் தமிழில் கொண்டுவர ஆசை. எங்கிருந்து தொடங்குவது? எங்கள் சொற்களும் தமிழகச் சொற்களும் வேறு வேறாக இருப்பது தடையாகுமா?
— ஆசிரியை, யாழ்ப்பாணம்

பதில்: சொல்லிலிருந்தே தொடங்குங்கள். தமிழகத்தில் அணி, உங்களுக்குத் தாயம். இங்கே கலப்பெண், அங்கே சிக்கலெண். வெக்டர் உங்களுக்குக் காவி. பல்லுறுப்புக் கோவை பல்லுறுப்பி. இதில் யார் சொல் சரி என்று வழக்காடத் தொடங்கினால் முதல் அத்தியாயமே முடியாது. கலைச்சொல் கோப்பு ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு கருத்துக்கும் இரண்டு சொல்லையும் எழுதி, பாடத்தில் முதல் முறை வரும்போது இரண்டையும் கொடுத்து, பிறகு ஒன்றையே சீராக ஆளுங்கள். இன்னொரு கண்ணி: கணிதத்தின் சார்பும் நிரலாக்கத்தின் செயற்கூறும் ஆங்கிலத்தில் ஒரே சொல். சேஜ் பாடத்தில் இரண்டும் ஒரே பத்தியில் வரும். தமிழில் நம்மிடம் இரண்டு சொல் இருப்பது வசதி, கலந்துவிடாதீர்கள்.

மொழிபெயர்ப்பை வைத்திருக்கும் முறை இரண்டு. சேஜில் பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம் முதலான மொழிகளுக்குத் தனித்தனிக் கோப்புறையில் பாடத்தின் முழு நகலே இருக்கிறது. ஆங்கிலம் மாறினால் இது தானாக மாறாது, உரை பின்தங்கும். ஆனால் அந்த நகல்களில் உள்ள உதாரணங்களும் சோதனையில் ஓடுவதால் கட்டளைகள் பழுதாகாமல் நிற்கும். மற்ற முறை கெட்டெக்ஸ்ட்: ஸ்ஃபிங்க்ஸ் ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியாக எடுத்து பிஓ கோப்பில் தரும், நீங்கள் பத்திக்குப் பத்தி தமிழ் எழுதுவீர்கள். ஆங்கிலப் பத்தி மாறினால் உங்கள் பத்தி ‘ஃபஸி’ என்று குறிக்கப்பட்டு, சரிசெய்யும்வரை அந்த இடத்தில் ஆங்கிலம் தெரியும். இரண்டு மூன்று பேரே இருக்கும் குழுவுக்கு இந்த இரண்டாவது முறையே தாங்கும்.

பிடிஎஃப் செய்யும்போது பழைய பிடிஎஃப்-லேட்டெக் தமிழுக்கு ஆகாது. ஸ்ஃபிங்க்ஸ் அமைப்பில் இயந்திரத்தை ஸீ-லேட்டெக் என்று மாற்றி, நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற எழுத்துருவைக் காட்டுங்கள். எழுத்துருவுக்குத் தமிழ் என்று எழுத்துமுறைக் குறி (ஸ்கிரிப்ட்) கொடுக்காவிட்டால் ‘கொ’வின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கலாம். முதல் பக்கத்திலேயே ‘கொ’, ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ மூன்றையும் அச்சிட்டுப் பார்த்துவிடுங்கள். பைத்தான் 3இல் மாறிப் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், தடையில்லை. ஆனால் பாடத்தில் வேண்டாம். மாணவர் வேறு கையேட்டைத் திறந்தால் ஒன்றும் பொருந்தாது.

கேள்வி: பாடப்புத்தகக் கணக்குகளை அப்படியே உதாரணமாக வைக்கலாமா? ஏஐ எழுதித் தந்ததை அனுப்பலாமா?
— மாணவர், திருநெல்வேலி

பதில்: கணக்கின் வாசகம் ஆசிரியருக்கு உரியது, கணித உண்மை யாருக்கும் உரியதல்ல. எண்ணை மாற்றி, உங்கள் சொல்லில் எழுதுங்கள். ஐஐடி பாம்பேயின் ஃபாஸி திட்டம் பாடநூல் கணக்குகளுக்குச் சைலேப் என்ற கணித மென்பொருளின் நிரல்களை மாணவர்களைக் கொண்டு எழுதித் தொகுத்தபோது, கணக்கின் வாசகத்தை விட்டுவிட்டு நிரலை மட்டும்தான் வெளியிட்டது. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். சேஜின் நிரல் ஜிபிஎல் உரிமத்தில், கையேடு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. நீங்கள் எழுதுவதும் அதன்கீழ் போகும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஏஐ விஷயத்தில் முதலில் அந்தத் திட்டத்தின் விதியைப் படியுங்கள். அனுமதித்தாலும், இல்லாத செயற்கூறை இருப்பதாக எழுதுவதும், ஓட்டாமலே விடையைக் கற்பித்து ஒட்டுவதும் அதன் வாடிக்கை. சோதனை இவற்றைப் பிடித்துவிடும். வழக்கைத் தப்பாகச் சொல்வதைச் சோதனை பிடிக்காது. மேலே பார்த்த ஊசல் கணக்கில் 1.85407 என்ற விடையும் பச்சைதான்.

கேள்வி: புல் ரிக்வெஸ்ட் போட்டு மூன்று வாரம். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கைவிட்டுவிடலாமா?
— மாணவி, புதுச்சேரி

பதில்: வேண்டாம், முதலில் லேபிளைப் பாருங்கள். சேஜ் 2023 பிப்ரவரியில் நிரல் பகிரும் தளமான கிட்ஹப்புக்கு வந்ததிலிருந்து ஒவ்வொரு வரைவுக்கும் ‘நீட்ஸ் ரிவ்யூ’, ‘நீட்ஸ் வொர்க்’, ‘பாசிட்டிவ் ரிவ்யூ’ என்று நிலைக்குறி உண்டு. யாரோ ஒரு சின்னத் திருத்தம் கேட்டு ‘நீட்ஸ் வொர்க்’ ஆக்கியிருப்பார்; நீங்கள் திருத்தியும் குறி அப்படியே நின்றிருக்கும். அந்தக் குறி உள்ளவரை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். மாற்ற உரிமை இல்லையென்றால் ‘திருத்திவிட்டேன், மறுபடி பார்க்கலாம்’ என்று ஒரு வரி எழுதுங்கள்.

குறி சரியாக இருந்தால் தலைப்பைப் பாருங்கள். ‘கையேடு மேம்பாடு’ என்றால் யாருக்கும் எதுவும் தெரியாது; எந்தச் செயற்கூறு, எத்தனை உதாரணம் என்று எழுதுங்கள். இடைவெளி, நிறுத்தற்குறித் திருத்தங்களை உள்ளடக்கத்தோடு கலந்திருந்தால் இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள். அதற்குள், உங்களைப்போலவே காத்திருக்கும் இன்னொரு கையேட்டு வரைவை எடுத்துச் சோதனையை ஓட்டி, எந்தக் கோப்பில் ஓட்டினீர்கள், எந்த உதாரணத்தைக் கையால் போட்டுப் பார்த்தீர்கள் என்று அதன்கீழ் எழுதி வையுங்கள். அந்த வரைவுக்குரியவர் உங்களுடையதைத் தேடி வருவது வழக்கம்.